சகேயு ஏன் குளிக்கவில்லை

வெளிநாட்டு ஊழியத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் அம்மா அழ ஆரம்பித்தாள். அமெரிக்காவா என்று கேட்டாள். இலங்கை என்றேன். அழுகை அந்த இடத்திலேயே நின்றது. சித்தப்பாவிடம் இரவல் வாங்கி வைத்திருந்த கோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு குடையைக் கையில் கொடுத்தாள்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் இறையியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். றக்வானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒரு மாதம் தங்கிப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்குப் பாட்டு வராது. கிதார் வராது. என்னிடம் இருந்த ஒரே தாலந்து சகேயு.

சகேயு ஒரு பேசும் பொம்மை. மரத் தலை, பஞ்சு உடம்பு, சிவப்புச் சட்டை. வேதாகமத்தில் வரும் சகேயு குள்ளன் என்பதால் அந்தப் பெயர் வைத்தேன். முதுகுக்குள் கையை விட்டு அதன் வாயைத் திறந்து மூட வேண்டும். நான் உதட்டை அசைக்காமல் பேச வேண்டும். உதடு அசையத்தான் செய்யும். எங்கள் நாசரேத் பக்கத்துப் பிள்ளைகள் மரியாதைக்காக அதைக் கண்டுகொள்வதில்லை.

கொழும்பில் பஸ் ஏறியபோது முன் சீட்டுக்கு மேல் மும்மொழியிலும் எழுதியிருந்ததைப் பார்த்தேன். தமிழில் ‘மதகுருமாருக்கு’ என்று இருந்தது. வெள்ளை ஜிப்பா போட்டிருந்தேன். கையில் வேதாகமம். இந்த நாடு ஊழியக்காரர்களை இவ்வளவு மதிக்கிறதா என்று நெஞ்சு நெகிழ்ந்துபோய் அதில் உட்கார்ந்தேன். போதாததற்குக் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் “ஹரி, ஹரி” என்று சொல்லிக்கொண்டே வந்தான். பக்திமான் என்று நினைத்தேன். சிங்களத்தில் ‘சரி, சரி’ என்று அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவிசாவளையில் காவியுடை அணிந்த ஒரு பிக்கு ஏறினார். பஸ் முழுவதும் என்னையே பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, “வாங்க, உட்காருங்க,” என்றேன். கண்டக்டருக்கு ஹரி வாயிலேயே நின்றுவிட்டது.

பின்னாலிருந்து தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் வியாபாரி என் தோளைத் தொட்டார். “தம்பி, எழும்புங்க. அது ஹாமதுருமாருக்கு, பிக்குமாருக்கு உள்ள சீட்டு.”

“நானும் குருமார் படிப்புதாங்க படிக்கிறேன்.”

“மொதல்ல படிச்சு முடிங்க. பொறகு குந்தலாம்.”

எழுந்தேன். அதன் பிறகு இரத்தினபுரி வரை எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. வளைவுகளில் வயிறு என் பேச்சைக் கேட்க மறுத்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பிக்குவே பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். முகர்ந்தேன். கல்லூரியில் பௌத்தம் பற்றி நான் எழுதிய கட்டுரையில் எலுமிச்சம்பழம் எங்கும் வரவில்லை.

இரத்தினபுரிக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி. யுத்த காலம். எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு நடந்தார்கள். நான் கடவுச்சீட்டைக் காட்டினேன். இந்தியன், தமிழன், பெரிய பை. சிப்பாய் பையைத் திறந்தான். திறந்த வேகத்தில் ஓரடி பின்னால் போனான். உள்ளேயிருந்து சகேயு அவனை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

துப்பாக்கியோடு இன்னும் இருவர் வந்தார்கள். பொம்மையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். தலையைத் தட்டிக் கேட்டார்கள். முஸ்லிம் வியாபாரி சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் என்னைப் பார்த்து, “மல்லி,” என்று ஆரம்பித்துக் கட்டளை போல ஒன்றைச் சொன்னான்.

“மல்லி எண்டா தம்பி. அதப் பேசவைக்கச் சொல்றான்,” என்றார் வியாபாரி.

துப்பாக்கிகளுக்கு முன்னால் பொம்மையைக் கையில் மாட்டினேன். “எல்லாருக்கும் ஸ்தோத்திரம்!” என்றது சகேயு, என் நடுக்கத்தையும் சேர்த்து. பிறகு மூன்று சிப்பாய்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இளையவன் குனிந்து பொம்மையின் முகத்துக்கு நேராகச் சிங்களத்தில் பேசினான். பொம்மைக்குச் சிங்களம் தெரியாதா, எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறானாம். போகும்போது அவன் என்னைக் கண்டுகொள்ளவில்லை. சகேயுவின் கையைக் குலுக்கி அனுப்பினான்.

றக்வானை நகரத்தில் உபதேசியார் ஞானமுத்து மழையில் காத்திருந்தார். அறுபது வயது இருக்கும். தோட்டத்துச் சிறு ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிறவர். கையில் ஒரு சோப்புக் கட்டி வைத்திருந்தார். ஊர் வழக்கம் போலிருக்கிறது, விருந்தாளிக்கு முதலில் சோப்பு கொடுப்பார்கள் என்று நன்றி சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன்.

“ஐயோ தம்பி, அது காலுக்குங்க. அட்டை ஏறாம இருக்கத் தேய்க்கணும்.”

தேய்த்தேன். ஆனாலும் தேயிலைக்குள் ஏறிப் போகும் ஒற்றையடிப் பாதையில் அட்டைகள் என்னிடம் வந்தன, அவரிடம் போகவில்லை. “புது ரத்தம்ல,” என்றார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்தபோது, இரத்தம் ஊறிய என் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்து, வழியில் என்னை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று ஒரு கிழவர் கூச்சல் போட்டார்.

உபதேசியாரின் மனைவி புஷ்பராணி அக்கா அன்றைக்குச் சுட்டுப் போட்ட ரொட்டி கனமாக, தேங்காய்ப் பூ மணத்தோடு இருந்தது. பக்கத்தில் சிவப்பாக ஒரு சம்பல். எங்கள் ஊரில் சட்னி எடுக்கும் அளவுக்கு எடுத்து வாயில் வைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “ஊரை நெனச்சு அழுவுறாரு, பாவம்,” என்று அக்கா இன்னொரு கரண்டி வைத்தாள். சீனி போடாத தேத்தண்ணியும் கையில் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியும் வந்தன. கருப்பட்டியைத் தேத்தண்ணிக்குள் போட்டுக் கலக்கினேன். வீடே சிரித்தது. கடித்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். அம்மா கொடுத்துவிட்ட பனங்கருப்பட்டியை எடுத்து நீட்டினேன். அக்கா ஒரு ஓரத்தைக் கடித்துப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு,” என்றாள். அந்த ‘தான்’ என் பிறந்த மண்ணின் மேல் விழுந்த அடி.

மறுநாள் குளிக்கப் போனேன். மலையிலிருந்து வரும் தண்ணீரைக் குழாய் வைத்து ஓரிடத்தில் விழச் செய்திருப்பார்கள். அதற்குப் பீலி என்று பெயர். எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்த நேரம். சாரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். நூல் போலத் தண்ணீர் விழுந்தது. ஒருவழியாகத் தலையை நனைத்து, முகமெல்லாம் நுரை வர சோப்புப் போட்டேன். நூல் அறுந்தது.

கண் எரிகிறது. தண்ணீர் இல்லை. குழாயைத் தட்டினேன், ஊதினேன். “கர்த்தாவே!” என்று கத்தினேன். பதில் ஒரு பெண்ணின் குரலில் வந்தது.

“கத்தாதீங்க. குனிங்க.”

குனிந்தேன். தலையில் தண்ணீர் விழுந்தது. மிகக் கொஞ்சமாக, கண்ணுக்கு மட்டும். பார்வை வந்ததும் ஒரு பெண் வாளியோடு நிற்பது தெரிந்தது. நாற்பது வயது இருக்கும். கீழே ஓடையிலிருந்து தூக்கிக்கொண்டு ஏறி வருகிறாள், மூச்சு வாங்கியது.

“மிச்சத்தத் துண்டால தொடச்சுக்குங்க. இது உலை வைக்கிற தண்ணி,” என்றாள். பிறகு, “நீங்கதான் இந்தியாவுலருந்து வந்த ஆளா? எங்கள மாத்த வந்தீங்களா?” என்று கேட்டாள்.

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

“மொதல்ல அந்தப் பைப்ப மாத்துங்க தம்பி.”

அவள் பெயர் மாரியாயி. கொழுந்து பறிப்பவள். மாரியம்மன் கோயில் திருவிழாவில் முன்னால் நிற்பவள் என்றும், தோட்டத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆளே இல்லை என்றும் உபதேசியார் சொன்னார். தண்ணீர்க் கதையையும் அவர்தான் சொன்னார். தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் பங்களாவுக்கு மேலே புதிதாக ஒரு தொட்டி கட்டினார்கள். ஊற்று அதற்குள் திரும்பியது. அன்றிலிருந்து கீழ் லயத்துப் பீலி நூலாகிவிட்டது. தொழிற்சங்கத் தலைவர் போய்ச் சொன்னார். “பார்ப்போம்” என்றார்களாம். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

வேதாகமப் பள்ளியைப் பிள்ளைக் காம்பராவில் தொடங்கினேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. முதல் நாள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். சகேயு பேசியது. அடுத்த நாள் வாசலில் நிற்க இடமில்லை. இந்துப் பிள்ளைகள், கிறிஸ்தவப் பிள்ளைகள், இடுப்பில் இருந்த கைக்குழந்தைகள், ஒரு நாய்.

“சேர், ஒங்க வாயும் ஆடுதே,” என்றாள் ஒரு சிறுமி முதல் நிமிடத்திலேயே. நாசரேத் மரியாதை இங்கே இல்லை. ஆனாலும் அவர்கள் சகேயுவிடம்தான் பேசினார்கள். வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்ததையும் கோழி காணாமல் போனதையும் அதனிடமே சொன்னார்கள். ரொட்டி ஊட்டினார்கள். யாரோ கித்துள் பாணியை ஊற்றிவிட்டதில் தாடை ஒட்டிக்கொண்டு, நல்ல சமாரியன் கதையின் பாதியில் சகேயு ஊமையானது. முகமெல்லாம் பிசுக்கு, எறும்பு. கழுவத் தண்ணீர் ஏது? ஈரத் துணியால் துடைத்தேன். பிசுக்கு இடம் மாறியது, போகவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய துரை கூப்பிட்டு அனுப்பினார். நல்ல உயரமான சிங்களவர். தோட்டத்தில் தங்க எனக்கு அனுமதி கொடுத்தவரே அவர்தான். துரைமார் பேசும் தமிழ் தனி. “நீ எப்ப வந்தது? நல்லா சாப்பிட்டது?” என்று விசாரித்தார். நனைந்து நின்ற என்னைப் பார்த்து ஒரு துவாலை கொண்டுவரச் சொன்னார். “பொம்மை இருக்குது, கேள்விப்பட்டது. நாளைக்கு என் மகளுக்குப் பேர்த்டே. நீ வந்து பேச வைக்கணும்.”

வருகிறேன் என்றேன். செய்தி எனக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டது. அன்று மாலை உபதேசியார் வீட்டு வாசலில் மாரியாயியும் இன்னும் சில பெண்களும் கூடை இறக்காமல் நின்றார்கள்.

“தம்பி, நாளைக்குப் பொம்ம பங்களாவுல பேசும்போது, பீலித் தண்ணியப் பத்தி ஒரு வார்த்த சொல்லணும்.”

உபதேசியார் எழுந்து பங்களாப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவர் குடியிருந்தது தோட்டத்து வீடு.

“நீங்களே போய்ச் சொல்லலாமே அக்கா,” என்றேன்.

“நாங்க சொன்னா நாளைக்கு வேல இல்லம்பாங்க. பேர வெட்டிருவாங்க. பொம்மைக்கு என்னா? அதோட பேரு செக்றோல் பதிவுலயா இருக்கு, வெட்ட?”

நான் தேவ வசனம் சொல்ல வந்தவன், அரசியலில் தலையிடக்கூடாது என்று கல்லூரியில் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். அவள் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“தண்ணி அரசியலா தம்பி?” என்று கேட்டுவிட்டுக் கூடையோடு போனாள்.

சனிக்கிழமை பங்களாவில் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார், துரைசாணிமார், பிள்ளைகள். மேசையில் கோபுரம் போல ஒரு கேக். சமையற்கட்டு வாசலில் எடுபிடி வேலைக்கு வந்தவர்களில் மாரியாயியும் இருந்தாள். அவள் பக்கம் பார்க்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு பெரிது. ஒரு வார்த்தையும் ஏடாகூடமாகப் பேசுவதில்லை என்று முழங்காலில் நின்று முடிவு செய்துவிட்டு வந்திருந்தேன்.

எல்லாம் ஒழுங்காகவே போனது. சகேயு மரத்தில் ஏறிய கதையைச் சொன்னது. ஆட்டுக்குட்டி போலக் கத்தியது. கைதட்டினார்கள். முடித்துவிட்டு வணக்கம் சொல்லப் போகையில் பிறந்தநாள் பிள்ளை முன்னால் வந்தாள். ஆயாக்களிடம் வளர்ந்தவள், அழகாகத் தோட்டத்துத் தமிழ் பேசினாள். சகேயுவின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள்.

“சீ, அழுக்கு! நீ குளிக்கலையா?”

இப்படிக் கேட்டால் சகேயு என்ன பதில் சொல்லும் என்று நான் யோசிக்கவே இல்லை. பொம்மை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வாய் தானாகப் போகும்.

“இல்லைங்க. பீலியில தண்ணி இல்லைங்க,” என்றது சகேயு.

“ஏன் இல்ல?”

“மேல தொட்டி கட்டிட்டாங்கல்ல!”

சமையற்கட்டுப் பக்கம் ஏதோ தட்டு கீழே விழுந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் வெடித்துச் சிரித்து, “உன் தோட்டத்தில் பொம்மைகூட யூனியனில் சேர்ந்துவிட்டதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெரிய துரையும் சிரித்தார். காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

பிள்ளை விடவில்லை. “தாத்தா, ஏன் பொம்மைக்குத் தண்ணி இல்ல?” என்று சத்தமாகக் கேட்டாள். அங்கே கிழவர் யாராவது இருக்கிறாரா என்று தேடினேன். இல்லை. அவள் துரையின் கையைத்தான் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சிங்களத்தில் அப்பாவுக்குத் தாத்தா என்று பெயர்.

எனக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். சகேயுவைப் பையில் போட்டு மூடிவிட்டுத்தான் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என் முதல் பிரசங்கம். ‘ஜீவத் தண்ணீர்’ என்ற தலைப்பில் ஊரிலேயே தயார் செய்து, கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிக்கொண்டு வந்தது. ஆலயத்துக்குக் கிளம்பும்போது ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிட்டது. “பொம்மைய விட்டுட்டுப் போங்க தம்பி,” என்றார் உபதேசியார். வெறுங்கையோடு போனேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

துரை உட்காரச் சொல்லவில்லை. “யார் சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் இல்லைங்க.”

“மாரியாயி? அவ வாய் எனக்குத் தெரியும். பேர் சொல்லு, நீ இருக்கலாம்.”

பிள்ளைக் காம்பராவில் அவ்வளவு பேருக்கு முன்னால் பேசியிருக்கிறேன், சிப்பாய்களுக்கு முன்னால் பேசியிருக்கிறேன். எல்லாவற்றையும் சகேயுவின் வாயால்தான் பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

“யாரும் சொல்லிக் கொடுக்கலைங்க. எனக்கே நடந்தது,” என்று ஆரம்பித்தேன். சோப்புப் போட்டதைச் சொன்னேன். குழாயை ஊதியதைச் சொன்னேன். “கர்த்தாவே” என்று கத்தியதைக்கூட விடவில்லை. வாளியோடு வந்தவளின் பெயரை மட்டும் சொல்லவில்லை. துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

“நாளைக்கு முதல் பஸ்ஸில் நீ போகணும்.”

“உபதேசியார ஒன்னும் செஞ்சிராதீங்க...”

“அது உன் வேலை இல்லை. போ.”

ஆலயத்துக்கு ஓடினேன். கடைசிப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் புஷ்பராணி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே ஈரப்பலாக்காய்க் கறி வைத்தாள். நான் பெட்டியைக் கட்டினேன். அப்போது வெளியே ஒரு சலசலப்பு. எட்டிப் பார்த்தால், பெரிய துரை குடையோடு பீலிக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார். முன்னால் அவர் மகள் குதித்துக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து பிடித்த பிடியில் நின்று, இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

லயத்து வாசல்களில் எல்லாரும் நின்றார்கள். துரை குழாய்க்குக் கீழே கையை நீட்டினார். நூல் வந்து உள்ளங்கையில் விழுந்தது. மாரியாயி மட்டும் வாளியை எடுத்துக்கொண்டு நேராகப் போனாள். அதைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டுச் சிங்களத்தில் மிக மரியாதையாக ஏதோ கேட்டாள். உபதேசியார் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன சொல்றாங்க?”

“நெறையுற வரைக்கும் நிப்பீங்களான்னு கேக்குறா. நின்னா நாக்காலி கொண்டாறேங்கிறா.”

துரை நின்றார். நாற்காலி இல்லாமல்தான். மழை விட்டது. மகள் வாளிக்குள் எட்டி எட்டிப் பார்த்து, இன்னும் பாதிகூட இல்லை என்று அறிவித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் கங்காணியைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் எதையோ சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் மேலே ஏறிப் போனார்.

பொழுது சாய்வதற்குள் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டார்கள். காலையும் மாலையும் திறப்பதாகப் பேச்சு. குழாய் முதலில் இருமியது. பிறகு பழுப்புத் தண்ணீர், இலை, ஒரு தவளை. பிறகு நல்ல தண்ணீர், என் கை மொத்தத்துக்கு. பிள்ளைகள் சட்டையோடு நனைந்தார்கள். எல்லா லயத்து ஆட்களும் குடமும் வாளியுமாக வந்து கூடிவிட்டார்கள். என்னைப் போகச் சொன்ன உத்தரவு மட்டும் மாறவில்லை.

உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது. “தம்பி, நாளைக்குப் போறீங்க. நாலு வார்த்த பேசுங்க,” என்றார்.

இதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்? பீலிப் படியில் ஏறி நின்றேன். தலைப்பும் தண்ணீர், எதிரிலும் தண்ணீர். தொண்டையைச் செருமினேன். “அன்பானவர்களே...”

“தம்பி,” என்றாள் மாரியாயி, “கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க. கொடம் வைக்கணும்.”

தள்ளி நின்றேன். அவளுக்குப் பின்னால் இன்னொரு குடம், அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னும் தள்ளினேன். பாதையோரம் வரை வந்துவிட்ட பிறகு, நிரம்பிய குடத்தைத் தூக்கிவிட ஒரு கை தேவைப்பட்டது, தூக்கிவிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஊழியம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மாரியாயி வரிசையிலிருந்து இறங்கி ரோட்டோரத்துக்கு வந்தாள். அவள் பெயரை யாரும் வெட்டவில்லை.

“அடுத்தது எந்தத் தோட்டம் தம்பி?”

“மிச்ச நாளுக்கு ஓப்பநாயக்கப் பக்கம் போகச் சொல்லி உபதேசியார் கடிதம் குடுத்திருக்காரு அக்கா.”

அவள் முகம் மலர்ந்தது. “எந்தங்கச்சிய அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. அவங்க லயத்துல கக்கூஸ் எல்லாம் இடிஞ்சு கெடக்கு. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டாங்க.”

துரை முன்னால் வெறுங்கையோடு நின்று பேசிய தைரியம் எனக்குள் இன்னும் சூடாக இருந்தது. பஸ் படியில் நின்றபடி, “கவலைப்படாதீங்க, நானே போய்ச் சொல்றேன் அக்கா,” என்றேன்.

“நீங்க வேணாம் தம்பி,” என்றாள் மாரியாயி அவசரமாக. “பொம்ம சொல்லட்டும்.”